ரவுட்டர் ஐடி இரண்டு பெட்டிக்கு ஒன்றாக இருந்தால் என்ன ஆகும்?

கேள்வியைச் சுருக்கி எழுதிக்கொள்கிறேன்: "எங்கள் நெட்வொர்க்கில் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறது. ஒரே ஏரியாவில் இரண்டு கிளை ரவுட்டர்களுக்கு ஒரே ரவுட்டர் ஐடி வந்துவிட்டது. லாக்கில் டூப்ளிகேட் என்று எச்சரிக்கை வருகிறது. ஆனால் பிங் பெரும்பாலும் போகிறது, நடுநடுவே மட்டும் அறுந்து அறுந்து வருகிறது. இதை இப்படியே விடலாமா? ஒவ்வொரு ரவுட்டருக்கும் ஐபி முகவரி இருக்கும்போது தனியாக இந்த ஐடி எதற்கு? சோதனைக்காக ஒன்றில் ஐடியை மாற்றிப் பார்த்தேன், பழைய ஐடி டேட்டாபேஸை விட்டுப் போகவே இல்லையே, ஏன்?"

விடக் கூடாது. இன்றைக்கே மாற்றுங்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். "தனியாக எதற்கு" என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்தால்தான் மற்ற இரண்டும் விளங்கும்.

ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிப் பாதை கண்டுபிடிக்கும் நெறிமுறை, லிங்க் ஸ்டேட் வகையைச் சேர்ந்தது. இந்த முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் தன்னைப் பற்றி ஒரு சீட்டு எழுதுகிறது. நான் இன்னார், எனக்குப் பக்கத்தில் இன்னின்னார், அவர்களிடம் போக இவ்வளவு செலவு, என் பின்னால் இந்த நெட்வொர்க்குகள். அந்தச் சீட்டுதான் எல்எஸ்ஏ. அது ஏரியா (நெட்வொர்க்கைப் பிரித்த ஒரு பகுதி) முழுக்கக் கைமாறி எல்லோரிடமும் ஒரே மாதிரி சேருகிறது. பிறகு அவரவர் எல்லாச் சீட்டையும் ஒட்டி ஒரு வரைபடம் செய்து, டைக்ஸ்ட்ராவின் கணக்கைப் போட்டு, தன்னிலிருந்து எங்கே போக எது குறுக்குவழி என்று பார்த்துக்கொள்கிறார்.

வரைபடத்தில் புள்ளி வைத்தால் புள்ளிக்குப் பெயர் வேண்டும். ஐபி முகவரியைப் பெயராக வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஐபி முகவரி பெட்டிக்குச் சொந்தமில்லை, இன்டர்ஃபேஸுக்குச் சொந்தம். எட்டு இன்டர்ஃபேஸ் இருந்தால் எட்டு முகவரி. அன்நம்பர்டாக விட்ட இணைப்புக்குச் சொந்த முகவரியே கிடையாது. நாளைக்கு ஒரு கேபிளைப் பிடுங்கினால் ஒரு முகவரி போய்விடும், பெட்டி அங்கேயேதான் இருக்கும். வீட்டுக்கு எத்தனை வாசல் இருந்தாலும் ரேஷன் கார்டு ஒன்றுதானே! அந்தக் கார்டு நம்பர்தான் ரவுட்டர் ஐடி.

ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பின் வரையறையான ஆர்எஃப்சி 2328, ஜான் மோய் எழுதி 1998 ஏப்ரலில் வந்தது. அதன்படி இது 32 பிட் எண், அந்தத் தன்னாட்சி அமைப்புக்குள், அதாவது ஏஎஸ்-க்குள், ஒருவருக்கு ஒன்றாக இருக்க வேண்டும். ஐபி முகவரியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ரவுட்டரின் முகவரிகளில் பெரியதையோ சிறியதையோ எடுத்துக்கொள்வது ஒரு வழி என்று மட்டும் யோசனை சொல்கிறது. நடுவில் புள்ளி வைத்து எழுதுவதால்தான் எல்லோருக்கும் குழப்பம். ஐடி 1.1.1.1 என்று வைத்தால் பாக்கெட்டெல்லாம் அந்த முகவரியை வைத்திருக்கும் கிளவுட்ஃபிளேர் கம்பெனி பக்கம் போய்விடுமா என்று என்னிடமே ஒரு பையன் கேட்டிருக்கிறான். போகாது. ஐடியை பிங் செய்தால் பதில் வர வேண்டும் என்றுகூட அவசியமில்லை. அது பெயர், முகவரி அல்ல.

இந்தப் பெயர் புழங்கும் இடங்கள் நிறைய. ரவுட்டர் எல்எஸ்ஏவின் அடையாள எண்ணே அதுதான். எந்த எல்எஸ்ஏவாக இருந்தாலும் "எழுதியவர்" என்ற கட்டத்தில் இதுதான் உட்கார்ந்திருக்கும். டிஆர் (ஒரு இணைப்பில் மற்றவர்களுக்குத் தலைமை ரவுட்டர்) தேர்தலில் முன்னுரிமை எண் சமமானால் ஐடி பெரியவர் ஜெயிக்கிறார். இரண்டு ரவுட்டர்கள் டேட்டாபேஸை ஒப்பிட்டுக்கொள்ளும்போது யார் மாஸ்டர் என்று தீர்மானிப்பதும் இதுவே. வேறொரு ஏரியாவின் வழியாக வெர்ச்சுவல் லிங்க் என்ற கற்பனை இணைப்பைப் போட்டால் எதிர்முனையை ஐபியால் அல்ல, ஐடியால்தான் சொல்கிறோம்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருவோம். ஓஎஸ்பிஎஃப்-இல் ஒரு நல்ல விதி இருக்கிறது. ரவுட்டர் அணைந்து மீண்டும் எழுந்தால், அது முன்பு எழுதிய சீட்டுகள் இன்னும் ஊருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றின் வரிசை எண், எழுந்தவுடன் இது எழுதும் புதுச் சீட்டின் எண்ணைவிடப் பெரியதாக இருக்கும். பெரிய எண்ணைத்தான் எல்லோரும் புதியது என்று நம்புவார்கள். அதனால் விதி என்ன சொல்கிறது என்றால்: உன் பெயர் போட்ட சீட்டு ஒன்று, நீ வைத்திருப்பதைவிடப் புதியதாக உன்னிடமே வந்தால், அந்த எண்ணுக்கு மேல் ஒன்று கூட்டி உன் இன்றைய நிலையை எழுதி வெளியே விடு. அந்தச் சீட்டு இப்போது உனக்குத் தேவையே இல்லை என்றால், அதன் வயதை உச்ச வரம்பான 3600 நொடி என்று போட்டுச் சுற்றுக்கு விடு, எல்லோரும் அதை நீக்கிவிடுவார்கள்.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இந்த நல்ல விதியே வினையாகிறது. வடக்கு ரவுட்டர், தெற்கு ரவுட்டர் இரண்டுக்கும் ஐடி 10.0.0.7 என்று வையுங்கள். நடுவில் வேறு ஐடியோடு ஒரு ரவுட்டர். வடக்கு தன் சீட்டை விடுகிறது. அது தெற்கிடம் போகிறது. தெற்கு பார்க்கிறது: "என் பெயரில் வந்திருக்கிறது, எண் பெரிது, ஆனால் உள்ளே இருப்பது என் இணைப்புகள் இல்லையே. பழைய குப்பை போல." எண்ணைக் கூட்டித் தன் விவரத்தை எழுதி விடுகிறது. அது வடக்கிடம் போகிறது. வடக்குக்கும் அதே நினைப்பு. இருவருமே விதிப்படி சரியாகத்தான் நடக்கிறார்கள், சண்டை ஓயாது. ஒரே எல்எஸ்ஏவை ஒருவர் திரும்ப எழுத 5 நொடியாவது இடைவெளி விட வேண்டும் என்ற கட்டுப்பாடு இருப்பதால்தான் நெட்வொர்க் மூச்சுவிடுகிறது.

நடு ரவுட்டரின் வரைபடத்தில் 10.0.0.7 என்று ஒரே ஒரு புள்ளிதான் இருக்க முடியும். வடக்கின் சீட்டு கையில் இருக்கும் நேரம் தெற்கின் நெட்வொர்க்குகள் உலகத்திலேயே இல்லை. அடுத்த சீட்டு வந்ததும் வடக்கு காணாமல் போகிறது. உங்கள் பிங் அறுந்து அறுந்து வருவது இதனால்தான். பாதைக் கணக்கை ஒவ்வொரு சீட்டுக்கும் உடனே போடாமல், கொஞ்சம் பொறுத்துச் சேர்த்துப் போடுவதால், அறுவது ஒரு தாளத்தில் இல்லாமல் எப்போதோ நடப்பது போலத் தெரியும். கேபிள் லூஸ் என்று நினைத்து கேபிள் செருகும் எஸ்எஃப்பி மாட்யூலை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டும் நேராக ஒரே இணைப்பில் இருந்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். தன் ஐடியோடேயே ஹலோ என்ற அறிமுகச் செய்தி வருவதைப் பார்த்து நெய்பராகச் சேர்க்காமல் லாக்கில் கத்திவிடும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும்.

மோசமானது வேறொரு வகை. ஒன்று ஏரியா 1-இல், மற்றொன்று ஏரியா 2-இல். ரவுட்டர் எல்எஸ்ஏ ஏரியா எல்லையைத் தாண்டாது. எல்லையில் இருக்கும் ஏபிஆர் நெட்வொர்க்குகளை மட்டும் தன் பெயரில் சுருக்கமாக எழுதி அந்தப் பக்கம் விடும். ஆக இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அறியாமல் வருடக்கணக்கில் வாழலாம், ஒரு எச்சரிக்கையும் வராது. பிறகு ஒருநாள் ஒவ்வொன்றிலும் வெளிப் பாதைகளை ஓஎஸ்பிஎஃப்-க்குள் கொண்டுவரச் சொல்கிறார்கள். கையால் எழுதிய ஸ்டேடிக் ரூட் சிலவற்றை ரீடிஸ்ட்ரிப்யூட் செய்கிறீர்கள். வெளிப் பாதைகளைச் சுமக்கும் டைப் 5 எல்எஸ்ஏ, வெளிப் பாதைகளை ஏற்காத ஸ்டப் ஏரியாக்கள் தவிர எல்லா ஏரியாவுக்கும் போகும். இருவரும் ஒரே பாதையை, உதாரணமாக வேறு பாதை தெரியாதபோது பயன்படும் டீஃபால்ட் ரூட்டை, அறிவித்தால் மேலே சொன்ன எண் கூட்டும் சண்டை. வேறு வேறு பாதையை அறிவித்தால் அதைவிட மோசம்: வடக்கு எழுதிய டைப் 5 தெற்குக்குப் போகிறது. "என் பெயரில் இருக்கிறது, ஆனால் இந்தப் பாதையை நான் அறிவிக்கவே இல்லையே." வயதை 3600 ஆக்கிக் கொன்றுவிடுகிறது. வடக்கு மறுபடி எழுதுகிறது. தெற்கு மறுபடி கொல்கிறது. வடக்கின் கான்ஃபிகரேஷனில் உட்கார்ந்து தலைகீழாக நின்று பார்த்தாலும் தவறு கிடைக்காது. கொலைகாரன் இன்னொரு ஏரியாவில் இருக்கிறான். சிஸ்கோவில் இதற்கு ஃப்ளட் வார் என்றே ஒரு எச்சரிக்கை உண்டு. அது வந்தால் முதலில் ஐடியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு பெயரில் ஒன்றுக்கு மேல் "புதிய" சீட்டுகள் சுற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மூத்த உதாரணம் ஆர்பாநெட்டில் உண்டு. 1980 அக்டோபர் 27 அன்று அது பல மணி நேரம் முடங்கியது. அங்கே டூப்ளிகேட் ஐடி இல்லை. ஐஎம்பி என்று அழைத்த அவர்களுடைய ரவுட்டர்களில் 50-ஆம் எண் கொண்டதன் பெயரில் மூன்று செய்திகள் சுற்றின. ஹார்டுவேர் கோளாறில் பிட்கள் உதிர்ந்து, வரிசை எண்கள் 44, 40, 8 என்று ஆகிவிட்டன. எழுதிப் பாருங்கள்: இரும எண்ணில் 101100, 101000, 001000. ஒவ்வொன்றும் முந்தையதில் ஒரு பிட் குறைந்தது. வரிசை எண் 6 பிட், 64 வந்தால் மறுபடி சுழியத்துக்குச் சுற்றும். அந்தச் சுற்றுக் கணக்கில் 44 என்பது 40-ஐவிடப் புதியது, 40 என்பது 8-ஐவிடப் புதியது, 8 என்பது 44-ஐவிடப் புதியது! முடிவே இல்லாத வட்டம். ஒவ்வொரு ஐஎம்பியும் "இதோ புதியது" என்று அடுத்தவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில், ஐஎம்பி 50-இன் பெயரில் எது வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று எல்லாவற்றிலும் தற்காலிகமாக ஒட்டுப் போட்டுத்தான் மீண்டார்கள். எரிக் ரோசன் 1981-இல் எழுதிய ஆர்எஃப்சி 789 முழுக்க இந்த ஒரே நாளின் கதைதான். இன்றைய ஓஎஸ்பிஎஃப்-இல் எண் 32 பிட், வட்டமடிக்காது, சீட்டுகளுக்கு வயது உண்டு. அந்த விபத்து மாதிரியான ஒன்று திரும்ப வராது. ஆனால் பெயர் ஒன்று, ஆள் ஒன்று என்ற அடிப்படையை மட்டும் ஓஎஸ்பிஎஃப் நமக்காகக் காப்பாற்றித் தரவில்லை, அது நம் தலையில்தான்.

சரி, ஒரே ஐடி இரண்டு பெட்டிக்கு எப்படி வருகிறது? பாதிக்குப் பாதி காப்பி பேஸ்ட். ஒரு கிளைக்கு எழுதிய கான்ஃபிகரேஷனை அப்படியே எடுத்து அடுத்த கிளைக்கு ஏற்றுகிறோம், இன்டர்ஃபேஸ் முகவரிகளை மாற்றுகிறோம், ஐடி வரி கண்ணில் படுவதில்லை. வெர்ச்சுவல் ரவுட்டர்களை டெம்ப்ளேட்டிலிருந்து குளோன் செய்வதிலும் இதே.

மீதிப் பாதி நுணுக்கமானது. ஐடி கையால் கொடுக்காவிட்டால் சிஸ்கோ ரவுட்டர் தானே தேர்ந்தெடுக்கும்: லூப்பேக் (கேபிள் இல்லாத கற்பனை இன்டர்ஃபேஸ்) முகவரிகளில் பெரியது, லூப்பேக் இல்லையென்றால் அப்போது உயிரோடிருக்கும் இன்டர்ஃபேஸ் முகவரிகளில் பெரியது. மற்ற கம்பெனிகளின் விதி கொஞ்சம் முன்பின் மாறும். ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் பிராசஸ் திரும்பத் தொடங்கும்வரை அதையே பிடித்துக்கொள்ளும். இந்தப் பிடிவாதம் நல்லதுக்குத்தான், இன்டர்ஃபேஸ் ஏறி இறங்கும்போதெல்லாம் பெயர் மாறக் கூடாது அல்லவா? ஆனால் அதுவே வெடிகுண்டாகவும் மாறும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்தது. ஒரே தகவலைப் பலருக்கு அனுப்பும் மல்டிகாஸ்டுக்காக எனிகாஸ்ட் ஆர்பி அமைத்தோம், அதாவது அதன் சந்திப்பு மையமான ஆர்பியை இரண்டு ரவுட்டர்களில் ஒரே முகவரியில் வைப்பது. அதற்கு இரண்டு கோர் ரவுட்டர்களிலும் ஒரே முகவரியை லூப்பேக் 1-இல் வேண்டுமென்றே போட வேண்டும், அதுதான் அந்த முறையின் சாரமே. லூப்பேக் 0-இல் தனித்தனியாக 10.0.0.1, 10.0.0.2. பொது முகவரி 10.0.0.200. ஐடி வரி எழுதவில்லை. போட்ட அன்று ஒன்றும் நடக்கவில்லை, ஐடிகள் பழையபடி 1, 2 என்றே இருந்தன. எல்லோரும் கைகுலுக்கிவிட்டுப் போனோம். பல மாதம் கழித்து யுபிஎஸ் பராமரிப்புக்காக இரவில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். விடிகாலை இரண்டும் எழுந்தபோது, லூப்பேக்குகளில் பெரியது எது என்று பார்த்து, இரண்டுமே 10.0.0.200 என்று பெயர் சூட்டிக்கொண்டன. நேர் இணைப்பில் நெய்பர் வரவில்லை, கீழே இருந்த ஸ்விட்ச்கள் வழியாகச் சீட்டுச் சண்டை. நாங்களோ யுபிஎஸ் ஆட்கள் எதையாவது இடித்துவிட்டார்கள் என்று ஒரு மணி நேரம் கேபிளைத் துழாவினோம். மாற்றம் செய்த நாளுக்கும் உடைந்த நாளுக்கும் நடுவில் அத்தனை மாத இடைவெளி இருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அன்றிலிருந்து ஐடி வரி இல்லாத கான்ஃபிகரேஷனில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்கு சொல்கிறேன், லாக்கே இல்லாவிட்டாலும் இது உதவும். அமைதியான நெட்வொர்க்கில் ஒரு எல்எஸ்ஏவை எழுதியவர் 1800 நொடிக்கு ஒருமுறை புதுப்பிப்பார். அதாவது நாளுக்கு 48 முறை. வரிசை எண் பதினாறடிமானத்தில் 80000001-இல் தொடங்கும். ஒரு வாரம் ஓடிய ரவுட்டரின் எண், அந்தத் தொடக்கத்திலிருந்து முந்நூற்று முப்பத்தாறு அளவில் ஏறியிருக்கலாம், நிஜ மாற்றங்கள் நடந்திருந்தால் இன்னும் கொஞ்சம். சண்டை நடந்தால் 5 நொடிக்கு ஒன்று என்ற வேகத்திலேயே நாளுக்குப் பதினேழாயிரத்தைத் தாண்டும். டேட்டாபேஸைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரு வரியில் மட்டும் எண் எகிறியிருந்து, வயது எப்போது பார்த்தாலும் சில நொடிகளாகவே இருந்தால், அந்த வரியின் "எழுதியவர்" கட்டத்தில் இருக்கும் ஐடிக்கு இரண்டு சொந்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வேறு காரணமும் இருக்கலாம், உதாரணமாக ஏறி இறங்கும் இணைப்பு. வேறுபடுத்த, அந்த எல்எஸ்ஏவின் உள்ளே இரண்டு மூன்று முறை பாருங்கள். ஒரு இணைப்பு மட்டும் வந்து வந்து போனால் கேபிள். மொத்த இணைப்புப் பட்டியலும் ஆள் மாறினால் டூப்ளிகேட்.

ஐஎஸ்-ஐஎஸ் என்ற இன்னொரு லிங்க் ஸ்டேட் நெறிமுறையின் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பெயர் 6 பைட் சிஸ்டம் ஐடி. அது ஐபி உலகத்திலிருந்து வரவில்லை என்பதால் முகவரியோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு, அந்த வகையில் எனக்கு ஐஎஸ்-ஐஎஸ் மேல் கொஞ்சம் பிரியம். ஆனாலும் பழக்கத்தில் லூப்பேக் முகவரியையே நிரப்பி எழுதுகிறார்கள்: 10.0.12.7 என்றால் 010 000 012 007, அதை நான்கு நான்காகப் பிரித்து 0100.0001.2007. படிக்க எளிது, தனித்தன்மையும் லூப்பேக்கோடு சேர்ந்து வந்துவிடும். ஹார்டுவேரின் மேக் முகவரியை வைத்தால் மோதல் இருக்காது, ஆனால் பெட்டியை மாற்றும் நாளில் பெயரும் மாறும், எனக்கு அது பிடிக்காது.

ஓஎஸ்பிஎஃப் மூன்றாம் பதிப்பு, ஐபிவி6-க்காக வந்தது. முகவரி 128 பிட் ஆனாலும் ரவுட்டர் ஐடி அதே 32 பிட். ஐபிவி4 முகவரி ஒன்றுகூட இல்லாத ரவுட்டரில் எடுத்துக்கொள்ள எதுவும் இருக்காது, அப்போது சிஸ்கோவில் ஐடியை நீங்களே கொடுங்கள் என்று சொல்லிவிட்டு பிராசஸ் நின்றுவிடும். இது பெயர்தான், முகவரி அல்ல என்பது இங்கேதான் பலருக்கு முதன்முறையாக உறைக்கிறது. ஏஎஸ்களுக்கு இடையே பாதை பேசும் பிஜிபியிலும் இதே அளவில் ஒரு அடையாள எண் உண்டு, 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6286-க்குப் பிறகு அது ஒரு ஏஎஸ்-க்குள் தனித்து இருந்தால் போதும்.

இனி உங்கள் இரண்டு ரவுட்டர்கள். லூப்பேக் 0-இல் தனித்தனி முகவரி கொடுங்கள், அதே எண்ணை ஐடி வரியிலும் கையால் எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நெறிமுறை கேட்கவில்லை, நள்ளிரவில் லாக் படிக்கும் நமக்காகத்தான். எந்த ஐடி யாருக்கு என்று ஒரே ஒரு தாளில் எழுதி வையுங்கள், ஆளுக்கொரு எக்செல் வேண்டாம். வரியை எழுதியவுடன் மாறாது, பிராசஸைக் கிளியர் செய்ய வேண்டும். அந்த நேரம் எல்லா நெய்பரும் விழுந்து எழும் என்பதால் அலுவல் நேரம் முடிந்த பிறகு செய்யுங்கள். இருவரில் ஒருவரை மாற்றினால் போதும். எதன் ஐடியைச் சுட்டி எங்கேயாவது வெர்ச்சுவல் லிங்க் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டு, மற்றதை மாற்றுங்கள்.

மாற்றிய பிறகும் பழைய ஐடி தெரிவது: ரவுட்டர் தன் பழைய சீட்டுகளை முறையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு மாறினால் உடனே மறைந்துவிடும். மின்சாரத்தைப் பிடுங்கி எழுப்பினால் அதற்கு வாய்ப்பில்லை. அப்போது அந்தச் சீட்டுகள் வயதாகி 3600 நொடி, அதாவது ஒரு மணி நேரம்வரை எல்லோரிடமும் கிடக்கும். அதனால் பாதை கெடாது. பழைய பெயர் "என் பக்கத்தில் இவர்" என்று சொன்னாலும், பக்கத்தில் இருப்பவர் பதிலுக்கு அந்தப் பெயரைச் சொல்லாததால் கணக்கில் அந்த இணைப்பைத் தள்ளிவிடுவார்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் வயது ஏறாமல் இளமையாகவே நின்றால் மட்டும் கவலைப்படுங்கள். உங்கள் விஷயத்தில் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் அந்தப் பெயரில் இன்னொரு ரவுட்டர் உயிரோடு இருந்து எழுதிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்த்தது போகாத பழைய சீட்டு அல்ல, அவருடைய நிகழ்காலச் சீட்டு.